வீட்டு எண்ணுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம்

ஓய்வு பெற்று எட்டு மாதமாகியும், பள்ளி அலுவலகத்து எண்ணிலிருந்து தொலைபேசி வந்தால் நான் இன்னும் எழுந்து நின்றுதான் எடுப்பேன். எங்கோ ஒரு பிழை விட்டிருக்கிறேன், இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். சென்ற மாதம் அழைத்தவள் நதாலி. எனக்குப் பிறகு என் மேசைக்கு வந்த பெண்.

"மதாம் ஸ்டெல்லா, ஒரு சின்னக் கேள்வி. பழைய பதிவுகளைப் புதிய கணினித் திட்டத்துக்கு மாற்றுகிறோம். சில பிள்ளைகளுக்கு முகவரியாக நம் பள்ளிக்கூடத்தின் எண்ணே இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் வேறு. இவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயா குடியிருந்தார்கள்?" என்று சிரித்தாள்.

"ஒரு வகையில் ஆம்," என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு முக்கால் மணி நேரம் பேசினோம். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

எங்கள் தேவாலயத்தின் பங்கு மலரைத் தொகுப்பவர், "உங்கட வேலை அனுபவத்தை எழுதித் தாங்கோ அக்கா" என்று இரண்டு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்னத்தை எழுதுவது என்று தட்டிக் கழித்துவந்தேன். நதாலியிடம் சொன்னதையே எழுதலாம் என்று இப்போது படுகிறது. தாயின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். எழுதியதை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் மூன்றாம் தடவையும் வாசிப்பேன். என் குணம் அது.

மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்து பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் குடியேறியபோது எனக்கு முப்பது வயது. முதல் வேலை அந்தப் பள்ளியில் தரை துடைப்பது. பிறகு மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. தமிழ்த் தாய்மார் பிள்ளைகளைச் சேர்க்க வரும்போதெல்லாம் அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். நான் துடைப்பக் கட்டையைப் பிடித்தபடியே நின்று மொழிபெயர்ப்பேன். ஒருநாள் அலுவலகத்து மதாம் லுசியேன், "அதை மூலையில் வைத்துவிட்டு உட்காருங்கள்," என்றார். உட்கார்ந்தேன். ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலியில்தான் இருந்தேன். தட்டச்சு இரண்டு விரலால்தான், கடைசி நாள் வரை. பிரெஞ்சு கேட்டால் விளங்கும், பேசுவேன். எழுதும்போது மட்டும் வரிக்கு வரி பிழை வரும்.

மதாம் லுசியேன் பதிவுப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒல்லியான, உயரமான பெண்மணி. கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. தேயிலை போடாத வெறும் சுடுநீர்தான் குடிப்பார். காலையில் வந்ததும் ஆறு பென்சில்களைச் சீவி வரிசையாக வைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. நாங்கள் பிழை விட்டால் "பிழை" என்ற சொல்லையே எடுக்கமாட்டார். தாளை நம் முன்னால் வைத்து, தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "ரெக்கொமான்சோன்," என்பார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோம் என்று அர்த்தம். நான் பிரெஞ்சில் சரியாகக் கற்ற முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும். அவ்வளவு தடவை கேட்டிருக்கிறேன்.

எங்கள் வேலை இதுதான். ஒரு பிள்ளையைச் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். குடியிருக்கும் இடத்துக்கு இரண்டு அத்தாட்சி வேண்டும், பெரும்பாலும் லீஸ் என்கிற வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும். எந்தத் தெருவில் குடியிருக்கிறார்களோ அந்தத் தெருவுக்குரிய பள்ளி. முகவரி மாறினால் ஒரு மாதத்துக்குள் புதிய அத்தாட்சி கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால், அல்லது கொடுத்த முகவரி பொய் என்று தெரிந்தால், இடம் போய்விடும். எங்கள் பள்ளியில் இடம் எப்போதும் நெருக்கடி.

பொய் முகவரிக்காரரைப் பிடிக்க ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வோர் ஒக்டோபரிலும் எல்லாப் பிள்ளைகளின் முகவரியையும் தெரு வரிசையில் அச்செடுத்து, ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பப் பெயரோ அதற்கு மேலோ இருந்தால் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவேன். இதில் நம்மவர்கள்தான் எப்போதும் மாட்டுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால், அவரவர் பிள்ளைகளுக்கு அவரவர் பெயர். தங்கையும் கூட இருந்தால் மூன்றாவது பெயர். அச்சில் பார்த்தால் முன்பின் தெரியாத மூன்று குடும்பம் ஒரு கதவுக்குள் புகுந்தது போலிருக்கும். முதல் ஆண்டு இதை மதாமுக்கு விளங்கப்படுத்த ஒரு முழு மதியம் பிடித்தது. கேட்டுவிட்டு, "அப்படியானால் தமிழ்ப் பெயர்களை நீங்களே பாருங்கள். ஒரே குடும்பம் என்றால் பக்கத்தில் ஒரு சரி போடுங்கள். நான் கேட்கமாட்டேன்," என்றார். அதன் பிறகு கேட்டதேயில்லை. என் சரிக்கு அந்த மதிப்பு இருந்தது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

நம்மவர்களுக்கு முகவரி என்பது கடிதம் வருகிற இடம். படுக்கிற இடம் வேறாக இருக்கலாம். புதிதாக வந்த ஒருவருக்கு ஒரு கிழமை ஒரு வீட்டுச் சோபா, அடுத்த கிழமை இன்னொரு வீட்டு நிலவறை. ஆனால் குடிவரவுக் கடிதம் தொலைந்தால் வாழ்க்கையே தொலைந்துவிடும். ஆகவே நம்பிக்கையான ஒருவரின் முகவரியை இரவல் வாங்கிக்கொள்வார்கள். மொன்றியலில் இதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை. கடைக்குப் போகும்போது "எனக்கும் ஒரு பால் வாங்கி வா" என்பது போல. அதிலும் என் முகவரிக்கு மவுசு அதிகம். நான் தபால் பெட்டியைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை திறந்து பார்ப்பவள். என் பயம் ஊருக்கு உதவியது. ஏற்கெனவே இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தேன்; இருவருமே பிறகு சொந்தமாக வீடு எடுத்துவிட்டார்கள், பள்ளியில் முகவரியை மாற்றத்தான் மறந்துபோனார்கள். மூன்றாவதாக வந்தவள் வசந்தி.

அது இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு ஆண்டு கழிந்த ஒரு செப்டெம்பர். நான்காம் வகுப்பில் படித்த ஆரணி என்ற பிள்ளையின் வீட்டுக்கு அனுப்பிய கடிதம், ஆள் இல்லை என்ற மஞ்சள் ஒட்டுத்தாளோடு திரும்பி வந்தது. தாயைக் கூப்பிட்டேன். வசந்தி யாழ்ப்பாணத்துப் பெண். கணவர் இன்னும் அங்கேதான், விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவள் டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் காய்கறி வெட்டினாள். குடியிருந்த நிலவறை வீட்டுக்குள் பள்ளி தொடங்கிய மறுகிழமையே கழிவுத் தண்ணீர் ஏறியிருக்கிறது. திருத்திவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வீட்டுக்காரர் எல்லோரையும் வெளியே அனுப்பியவர், கூப்பிடவேயில்லை.

"இப்ப எங்க இருக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"வீடு இருக்கு அக்கா. இல்லை எண்டில்லை. இவரின்ர மச்சான் குகன் வீட்டை நிக்கிறம். கோட்-டெ-நெய்ஜில."

"அப்ப அந்த லீஸைக் கொண்டு வாங்கோவன்."

"ஐயோ, அவர் தரமாட்டார். நாலு பேர் எண்டு கையெழுத்து வைச்ச வீடு. இப்பவே ஆறு பேர். நாங்களும் நிக்கிறம் எண்டு வீட்டுக்காரன் அறிஞ்சால் அவையையும் கிளப்பிப்போடுவான்."

"அப்படியே தந்தாலும், பிள்ளை அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற வேணும்."

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆரணிக்கு இது மூன்றாவது பள்ளி. முதல் பள்ளியில் பேச்சு நின்றது, இரண்டாவதில் திரும்பி வந்தது, இங்கேதான் ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள் என்றாள். "ரெண்டு கிழமை அக்கா. வீடு எடுத்தவுடன பேந்து மாத்துவம்."

இரண்டு கிழமைதானே என்று என் கரண்ட் பில்லைக் கொடுத்தேன். அவர்கள் என் வீட்டில் குடியிருப்பதாக ஒரு துண்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நானே வாங்கி, நானே கோப்பில் போட்டேன்.

ஒக்டோபர் பட்டியல் அச்சாகி வந்தது. தெரு வரிசையில் பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் தெரு. எங்கள் கதவு எண். அதற்கு நேரே மூன்று குடும்பப் பெயர், ஐந்து பிள்ளைகள். என் சிவப்புப் பென்சில் அந்த இடத்தில் நின்றது. அப்புறம், என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்கு முன்பே பக்கத்தில் ஒரு சரி போட்டேன். எல்லோரும் ஒரே குடும்பம்.

மதாம் தாளைப் புரட்டினார். என் சரிகளைத் தாண்டிப் போனார். கேட்கவில்லை. அது ஒன்றுதான் என்னைக் குத்தியது.

வீட்டில் என் கணவர் அந்தோனியிடம் சொன்னேன். அவர் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ர வீட்டில அஞ்சு பிள்ளையள் இருக்குதுகள் எண்டுறீர்," என்றார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் ரெண்டோட நிப்பாட்டினது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

"பகிடி விடாதேங்கோ. என்ர வேலை போகும்."

"இஞ்சரும், உமக்கு வேலை கிடைச்ச நாளிலயிருந்து போகப்போகுது எண்டுதான் சொல்லுறீர். ஒருக்கா எண்டாலும் போய்த் துலைஞ்சுதே?"

இரண்டு கிழமை ஐந்து கிழமையானது. குகன் வீட்டில் மூன்று நாள், அவளோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீட்டில் இரண்டு நாள், மாமி முறையான ஒருத்தியின் நிலவறையில் மிச்ச நாள் என்று தாயும் மகளும் மாறி மாறிப் படுத்தார்கள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் வேறு வேறு பேருந்து. ஆரணி பிந்தி வரத் தொடங்கினாள். பிந்தி வருகிற பிள்ளைக்கு ஆசிரியர் ஒரு துண்டு எழுதி அலுவலகத்துக்கு அனுப்புவார். துண்டுகள் ஒரு கணக்குக்கு மேல் போனால் பெற்றோருக்குக் கடிதம் போகும். அந்தக் கடிதங்களை மடித்து உறையில் போடுவது என் வேலை. ஒரு வியாழக்கிழமை அடுக்கோடு அடுக்காக மடித்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை மாலை என் தபால் பெட்டியைத் திறந்தால், நான் மடித்த கடிதம் எனக்கே வந்திருந்தது.

கடிதத்தில் மதாம் லுசியேனின் கையெழுத்து. "பள்ளியிலிருந்து இரண்டு தெரு தூரத்தில் குடியிருக்கும் உங்கள் மகள் தொடர்ந்து தாமதமாக வருவதற்கான காரணத்தை அறிய விரும்புகிறோம். புதன்கிழமை வந்து சந்திக்கவும்."

ஞாயிற்றுக்கிழமை வசந்தி கடிதத்தை வாங்கிக்கொள்ள என் வீட்டுக்கு வந்தாள். வாசித்துக் காட்டினேன்.

"மணிக்கூடு ஓடேல்லை எண்டு சொல்லுவம் அக்கா."

"பத்து நாளாயோ?"

"ரெண்டு மணிக்கூடும் ஓடேல்லை எண்டு சொல்லுவம்."

அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிப்போடாதேங்கோ. பொய் விலாசம் எண்டு பிள்ளையை நிப்பாட்டிப்போடுவினம். வீடில்லாமல் வைச்சிருக்கிறன் எண்டு வேற ஆக்கள் வந்து பிள்ளையையே கொண்டு போவினம்."

சொல்லமாட்டேன் என்றேன். சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை, மதாம் ஆறாவது பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கும்போது போய் எல்லாவற்றையும் சொன்னேன். துணிச்சலால் அல்ல. பயத்தை அதற்கு மேல் சுமக்க முடியவில்லை. புதன்கிழமை வசந்தி மணிக்கூட்டுக் கதையைச் சொல்ல, நான் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க வேண்டியிருந்திருக்கும். என் வாயால் அது வராது என்று எனக்குத் தெரியும்.

பட்டியலையும் கொண்டுபோயிருந்தேன். என் வீட்டு எண்ணைத் தொட்டுக் காட்டினேன். "இந்தச் சரி பொய்."

மதாம் சீவிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். சுடுநீரை ஒரு மிடறு குடித்தார். கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"மற்றச் சரிகள்?"

"அவை எல்லாம் உண்மை."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக. ஆனால் நீங்கள் என்னை இனி நம்ப வேண்டியதில்லை."

"அதை நான் தீர்மானிக்கிறேன்," என்றார். தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "ரெக்கொமான்சோன். இந்தப் பிள்ளை நேற்று எங்கே படுத்தாள்?"

எனக்குத் தெரியவில்லை. ஐந்து கிழமையாக அவளுக்காகப் பொய் சொன்ன எனக்கு அது தெரியவில்லை.

புதன்கிழமை வசந்தி மகளோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லிப்போட்டியள்."

"ஓம்."

"உங்களை நம்பித்தானே அக்கா..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டு, மதாமைப் பார்த்துத் தமிழிலேயே சத்தமாகச் சொன்னாள்: "எங்களை வீடில்லாத ஆக்கள் எண்டு எழுதப்போறியளோ? நாங்கள் என்ன றோட்டில படுக்கிற ஆக்களோ? எங்கட ஆக்களின்ர வீட்டைதான் நிக்கிறம்!"

அதை மொழிபெயர்த்தேன். மதாம் தலையாட்டினார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கோடு போட்டார். "எங்கே வசிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை எங்கே படுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்."

நான் தமிழில் கேட்க வாயெடுப்பதற்கு முன்பே ஆரணி பிரெஞ்சில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். பாடம் ஒப்புவிப்பது போல. திங்கள், குகன் மாமா வீட்டுச் சோபா. செவ்வாயும் அங்கேதான், ஆனால் மாமாவின் சிநேகிதர் வந்ததால் கீழே தரையில். புதனும் வியாழனும் அம்மாவோடு வேலை செய்யும் அன்ரி வீடு. அங்கே நாய் இருக்கிறது. வெள்ளியும் சனியும் மாமியின் நிலவறை; சூடாக்கிக்குப் பக்கத்தில், நல்ல சூடு. ஞாயிறு எங்கே என்று இன்னும் தெரியாது. மதாம் ஏழு கோட்டையும் பென்சிலால் நிரப்பினார். ஞாயிற்றுக்கு நேரே ஒரு கேள்விக்குறி.

"என்ன சொல்லுறாள்?" என்று வசந்தி என்னைக் கேட்டாள்.

"எல்லாத்தையும்," என்றேன்.

வசந்தி மகளைப் பார்த்தாள். பிள்ளை இதையெல்லாம் கணக்கு வைத்திருக்கமாட்டாள் என்று தாய் நினைத்திருந்தாள் போலும்.

வெளியே முதல் பனி தூறத் தொடங்கியிருந்தது. மதாம் ஆரணியின் மெல்லிய சட்டையைப் பார்த்து, "உன் குளிர்கால உடுப்பெல்லாம் எந்த வீட்டில் இருக்கிறது?" என்று கேட்டார்.

"இங்கேதான் மதாம். என் லாக்கரில்."

நாங்கள் நால்வரும் போனோம். ஆரணி பூட்டைத் திறந்தாள். பனி உடுப்பு, பனிச் சப்பாத்து; ஒரு பையில் தாயின் இரண்டு புடைவை; பிறப்புச் சான்றிதழ் வைத்த கோப்பு; அடித்தட்டில், துவாயால் சுற்றப்பட்ட ஒரு ரைஸ் குக்கர்.

மதாம் குனிந்து அதைப் பார்த்தார். "இது?"

வசந்திக்குக் காது சிவந்தது. "அங்க வைச்சால் அவையின்ர ஆகிப்போடும் அக்கா. ஒருக்காக் குடுத்தால் திருப்பி வராது. சொல்லுங்கோ அவவுக்கு."

சொன்னேன். மதாம் அந்தத் துவாயை மறுபடியும் ஒழுங்காகச் சுற்றி, லாக்கரை மெதுவாகச் சாத்தினார். "அப்படியென்றால் இவர்களுடைய வீடு இதுதான்," என்றார்.

அன்று மதியம் அவர் விதிப் புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் படித்தார். பொய் முகவரி என்றால் இடம் ரத்து. ஆனால் படிப்பாண்டின் நடுவில் இடம் மாறுகிற பிள்ளை, பெற்றோர் கேட்டுக்கொண்டால், அந்த ஆண்டை அதே பள்ளியில் முடிக்கலாம். அதே புத்தகம், நான்கு பக்கம் தள்ளி. நான் உண்மையை எழுதியிருந்தால் ஆரணியின் இடம் முதல் நாளே பத்திரமாக இருந்திருக்கும். காப்பாற்றப் போன நான்தான் அவளை விளிம்பில் நிறுத்தியிருந்தேன். இதை மதாம் சொல்லிக் காட்டவில்லை. புத்தகத்தை என் பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் பென்சிலை வைத்தார், அவ்வளவுதான்.

கணினிதான் அடுத்த தொல்லை. முகவரிக் கட்டம் வெறுமையாக இருந்தால் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது. குகனின் முகவரியைப் போட்டால் அவர் வீட்டுக்காரர் பயம். மதாம் பள்ளியின் எண்ணைத் தட்டினார். பின்னால் ஒரு நட்சத்திரம் போட்டார்.

"நட்சத்திரம் என்றால் நான்கு விஷயம்," என்றார். "கடிதத்தைத் தபாலில் போடாதே, கையில் கொடு. பிந்தி வந்தால் துண்டு எழுதாதே. பட்டியலிலிருந்து எடுக்காதே. நான்கு கிழமைக்கு ஒருமுறை மறுபடியும் கேள்."

"எப்படிக் கேட்பது? வீடில்லையா என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்."

"இன்று கேட்டோமே. நேற்று எங்கே படுத்தீர்கள், இன்று எங்கே படுப்பீர்கள், பிள்ளையின் குளிர் உடுப்பு எங்கே இருக்கிறது. நீங்கள்தான் கேட்கப்போகிறீர்கள்."

"நானா? இவ்வளவு செய்த பிறகுமா?"

"உங்களுக்குப் பயம் அதிகம், மதாம் ஸ்டெல்லா. நான்கு கிழமை என்றால் மூன்றாம் கிழமையே கேட்டுவிடுவீர்கள்."

கண்டிப்புக் கடிதம் ஒன்றும் தந்தார். அதை என் கோப்பில் என்னைக் கொண்டே போடவைத்தார். என் முகவரியில் இருந்த மற்ற இரண்டு குடும்பத்தையும் அழைத்துத் திருத்தச் சொன்னார். "உங்கள் கரண்ட் பில்லை இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்," என்றார். கடைசி வரைக்கும் அதைப்பற்றி அவர் சொன்ன ஒரே கேலி அதுதான்.

வசந்தி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கடிதத்தைக் கையில் கொடுத்தால் வாங்குவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். நான் மூன்றாம் கிழமையே கேட்டேன். ஏழு கோட்டையும் நிரப்புவாள், போய்விடுவாள். யாரும் பிள்ளையைத் தேடி வரவில்லை என்று தெரிந்த பிறகு, ஒருநாள் தானாகவே, "ஞாயிறு மட்டும்தான் அக்கா இன்னும் சரி வரேல்லை," என்றாள். அந்தத் தாளை வைத்து மதாம் நகரத்தின் வீட்டு உதவி அலுவலகத்துக்கு எழுதினார். ஏழு நாளும் எங்கே படுத்தார்கள் என்று காட்டிய தாள் அவர்களிடம் வேலை செய்தது, வாய்ச்சொல் செய்திருக்காது.

அடுத்த ஒக்டோபரில் நான் பட்டியலை அச்செடுத்தபோது, நட்சத்திரப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கதவின் கீழ், பள்ளியின் எண்ணுக்கு நேரே வரிசையாக வந்து நின்றார்கள். பொய்யரைப் பிடிக்கச் செய்த பட்டியல். அதில் அதிகக் குடும்பப் பெயர் இருந்த கதவு எங்கள் கதவு. நம்மவர்கள் மட்டுமில்லை, ஒரு ஹெயிட்டியக் குடும்பம், ஒரு பஞ்சாபிக் குடும்பம், இரண்டு கிழமை காரில் படுத்த, இந்த மண்ணிலேயே பிறந்த ஒரு கெபெக்வா தாயின் பிள்ளைகள். கல்விச் சபைத் தலைமையகத்திலிருந்து ஒருவர் அழைத்து, இது அச்சுப் பிழையா என்று கேட்டார். மதாம் குரலை உயர்த்தாமல், "இல்லை. எத்தனை பேர் என்று முதல் தடவையாக எங்களுக்குத் தெரிகிறது," என்றார். பிறகு மற்றப் பள்ளிகளிலிருந்தும் அந்த மூன்று கேள்வியைக் கேட்டு அழைத்தார்கள். எட்டாம் வகுப்புப் படித்தவள் நான் தொலைபேசியில் விளங்கப்படுத்தினேன். அதையெல்லாம் நினைத்தால் இன்றும் ஒரு நிறைவு. கண்டிப்புக் கடிதம் அதே கோப்பில் இன்னும் இருக்கிறது, அதையும் நினைக்கிறேன்.

நதாலி கடைசியாகக் கேட்டது, "இந்த நட்சத்திரங்களை எப்படி எடுப்பீர்கள்?" என்று. புதிய திட்டத்தில் "தற்காலிக இருப்பிடம்" என்று தனியாக ஒரு கட்டமே வந்துவிட்டதாம். மெத்தச் சந்தோஷம். நான் அவளுக்கு முதல் நட்சத்திரம் எடுபட்ட கதையைச் சொன்னேன்.

அது அந்தப் படிப்பாண்டின் மார்ச் மாதம். வசந்தியும் ஆரணியும் அலுவலகக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்கள். வசந்தியின் கையில் லீஸ். மூன்றரை அறை வீடு, இந்த ஊரில் குளியலறையை அரை என்று கணக்கிடுவார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனிலேயே, பள்ளியிலிருந்து நான்கு தெரு. அவள் பெயரிலேயே. அதை என்னிடம் தராமல் நேரே மதாமின் மேசையில் வைத்தாள்.

"அந்தப் பூவை எடுக்கச் சொல்லுங்கோ," என்றாள். நட்சத்திரத்தை அவள் பூ என்றுதான் சொல்வாள். "நான் நிண்டு பாக்க வேணும்."

திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

"அன்ரி, நான் அமத்தட்டோ?" என்றாள் ஆரணி.

மதாமைப் பார்த்தேன். தலையாட்டினார். அழிக்கிற விசையைக் காட்டினேன். பிள்ளை விரலை வைத்து அழுத்தினாள். நட்சத்திரம் போனது. விரலை எடுக்க மறந்துவிட்டாள். பள்ளியின் எண் போனது, தெருப் பெயர் போனது, அதற்கு மேல் ஊரும் போனது. கட்டம் வெறுமையாகி, கணினி கிணுங்கென்று கத்தியது.

"ஐயோ, முழுக்க அழிஞ்சு போச்சுது!" என்று நான் பதறினேன். ஆரணி விரலை இழுத்துக்கொண்டு அழுவதற்கு ஆயத்தமானாள்.

மதாம் தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார்.

"ரெக்கொமான்சோன்," என்றார்.

ஆரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புதிய வீட்டு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உரத்துச் சொல்லத் தொடங்கினாள். நான் இரண்டு விரலால் தட்டினேன். வசந்தி அதற்குள் ரைஸ் குக்கரை எடுக்க லாக்கருக்குப் போய்விட்டாள்.